கயிறு இழுத்தும் எழும்பாத போட் மோட்டார்: ஊத்தான் மெலிந்தாங் பக்கத்து அனுபவங்கள்

ஜெட்டிக்கரை:
மலேசியாவில் பேராக் பக்கம் சுங்கை பெர்ணம் ஆற்றில் ஓடும் சம்பான்களின் (சிறு படகுகளின்) மோட்டாருக்கு, முக்கியமாக 15 எச்.பி. டூ ஸ்ட்ரோக்குக்கு எழுதுகிறேன். மூடியைத் திறக்கும் முன் மூன்று இடம் பாருங்கள். சிவப்புக் கயிற்றின் கிளிப் (இழுத்தால் மோட்டாரை நிறுத்துவது) ஸ்டாப் சுவிட்சில் முழுசாக ஏறியிருக்கிறதா? கியர் நியூட்ரலில் இருக்கிறதா? (கியரில் கிடந்தால் சில மாடல்களில் ஸ்டார்ட் கயிறே வராது. அதைப் பிடித்துத் தொங்கி என்ன பயன்?) பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா?

பிறகு பல்ப், அதாவது பெட்ரோல் ஹோஸில் கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை. அம்புக்குறி மோட்டார் பக்கம் இருக்கணும். மோட்டாருக்குப் போகும் வாய் மேலே வரும்படி நட்டுக்குத்தலாகப் பிடித்து, கெட்டியாகும்வரை அமுக்குங்கள். கெட்டியாகவே இல்லையென்றால் வழியில் எங்கோ காற்று இழுக்கிறது. கனெக்டரின் ஓ-ரிங், இல்லையென்றால் பல்புக்குள் இருக்கும் வால்வு. அமுக்கிய பல்ப் சப்பையாகவே நின்றால் டேங்கிலிருந்து பெட்ரோல் வரவில்லை. காற்றுத் திருகையும் உறிஞ்சு குழாயின் வலையையும் பாருங்கள்.

நிப்பா ஓலை:
அண்ணன் சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் எழும்பவில்லையா? அடுத்தது ஸ்பார்க் பிளக்தான். 21 மி.மீ. பிளக் ஸ்பானர், ஒரு துணி போதும். இரண்டையும் கழற்றி, எது மேல் சிலிண்டருடையது என்று தெரியும்படி தனித்தனியாக வையுங்கள்.

பல தடவை இழுத்த பிறகும் பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. பெட்ரோலில் நனைந்திருந்தால் ஒன்று பொறி (ஸ்பார்க்) இல்லை, அல்லது சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் குமிழை) இழுத்து இழுத்து எஞ்சினைப் பெட்ரோலில் மூழ்கடித்தாகிவிட்டது. முனையில் நீர்முத்து நின்றால் பெட்ரோலில் தண்ணீர். கறுப்புப் பிசுக்கு என்றால் பெட்ரோலில் கலக்கும் டூ-டி எண்ணெய் அதிகம், அல்லது தப்பான எண்ணெய்.

மூழ்கியிருந்தால்: பெட்ரோல் ஹோஸைக் கழற்றுங்கள், சோக்கை உள்ளே தள்ளுங்கள், ஆக்சிலேட்டரை முடிந்தவரை திறங்கள். ஸ்டாப் கிளிப்பை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே எட்டுப் பத்து தடவை இழுங்கள். கிளிப் இல்லாததால் பொறி வராது. வெளியே அடிக்கும் பெட்ரோல் ஆவி பற்றாது. ஆனாலும் பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது. பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக் இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள்.

பிளக் நம்பரிலும் கவனம் வேண்டும். பி7எச்எஸ்-10 என்றால் இடைவெளி 1.0 மி.மீ. '-10' இல்லாத பி7எச்எஸ் அதைவிடக் குறுகலாக வரும். கடைக்காரர் 'எல்லாம் ஒன்றுதான்' என்பார். ஒன்றல்ல, மோட்டார் புத்தகத்தில் போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

தோட்டத்துப் பையன்:
பொறி வராவிட்டால் உடனே சி.டி.ஐ. (பொறிக்கு மின்சாரம் விடும் பெட்டி) போய்விட்டது, மாற்று என்கிறார்களே, சரியா அண்ணே?

பழைய ஃபோர்மன்:
அவசரப்படாதே தம்பி. சி.டி.ஐ. விலை தெரியும்தானே? முதலில் பொறியை ஒழுங்காகப் பார்க்கணும். பிளக்கை ஒயர் நுனியில் உள்ள கேப்பில் மாட்டி, அதன் இரும்பு எஞ்சின் பிளாக்கில் நன்றாக ஒட்டியிருக்க, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி நிழலில் வைத்து இழு. கையில் பிடிக்காதே. ஒயரைச் சும்மா தொங்கவிட்டும் இழுக்காதே, பொறி போக வழியில்லாமல் சி.டி.ஐ.யே கெட்டுப்போகும். நீலப் பொறி சட்டென்று பாயணும்; மங்கலான மஞ்சள் போதாது.

பொறியே இல்லையென்றால் ஸ்டாப் சுவிட்சிலிருந்து வரும் ஒயரைக் கனெக்டரில் பிரித்துவிட்டு மறுபடி பார். இப்போது பொறி வந்தால் கோளாறு சுவிட்சில்தான். பகான் டத்தோ பக்கத்து உப்புக்காற்றில் உள்ளே பச்சை பூத்துக்கிடக்கும். ஆனால் ஒயரைப் பிரித்துவைத்துப் படகை ஓட்டாதே, கிளிப்பை இழுத்தாலும் மோட்டார் நிற்காது. சோதனையில் எழும்பிவிட்டால் சோக்கை இழுத்து நிறுத்து.

ஒரு சிலிண்டரில் மட்டும் பொறி இல்லையென்றால் கேப், ஒயர், காயில். இரண்டிலும் இல்லை, சுவிட்சும் நல்லது என்றால்தான் சார்ஜ் காயில் (சி.டி.ஐ.க்கு மின்சாரம் தருவது), பல்ஸர் காயில் (பொறி விழும் நேரம் சொல்வது), சி.டி.ஐ. அதையும் மீட்டர் வைத்து, புத்தகத்தில் உள்ள ஓம் அளவோடு ஒப்பிட்டுவிட்டு வாங்கு.

பொறியும் உண்டு, பெட்ரோலும் உண்டு, கயிறு மட்டும் கையைத் திருப்பி இழுக்கிறது, அல்லது பட்பட்டென்று பின்னால் வெடிக்கிறது: பிளைவீல் சாவி (பிளைவீலைத் தண்டில் நகராமல் பிடிக்கும் சிறு துண்டு) நறுங்கி, பொறி விழும் நேரம் (டைமிங்) நகர்ந்திருக்கும். ஆற்றில் மரக்கட்டையில் இடித்த மோட்டாரில் அதைச் சந்தேகப்படலாம்.

நிப்பா ஓலை:
என்னைக் கேட்டால் மாசக்கணக்கில் கொட்டகையில் கிடந்த மோட்டாரில் முக்கால்வாசிச் சந்தேகம் கார்ப்ரேட்டர் மேல்தான். பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகி ஐடில் ஜெட்டை (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சிறு துளையை) அடைத்துவிடும். சோக்கில் எழும்பும், சோக்கைத் தள்ளியதும் சாகும், அடையாளம் அதுதான். கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து, வருவதைத் தெளிவான மினரல் வாட்டர் பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக உருண்டு நிற்கும். அப்படியானால் கார்ப்ரேட்டரை மட்டும் கழுவி என்ன செய்வது, டேங்கையும் காலி பண்ணணும். ஜெட்டைக் கார்ப் கிளீனரும் காற்றும் வைத்துச் சுத்தம் பண்ணுங்கள். கம்பி விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும்.

பெட்ரோல், எண்ணெய்க் கலவை 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 25 லிட்டருக்கு அரை லிட்டர். டி.சி.-டபிள்யூ 3 (படகு மோட்டார் எண்ணெயின் தரக்குறி) என்று போட்டிருக்கிற எண்ணெய்தான் வேண்டும். மோட்டார் சைக்கிள் டூ-டி எரிந்தால் சாம்பல் விடும். தண்ணீரால் குளிரும் எஞ்சினில் அது பிளக்கிலும் பிஸ்டனிலும் படியும்.

ஜெட்டிக்கரை:
ஆற்றில் விழுந்த மோட்டார் பற்றி ஒரு வார்த்தை. ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்திருந்தால் இழுத்துப் பார்க்காதீர்கள். தண்ணீரை அமுக்கப் போய் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம், ஃபோர்மனிடம் கொடுங்கள். நின்றிருந்தபோது விழுந்தது என்றால் நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கை எடுத்து, ஓட்டைகள் கீழே பார்க்கச் சாய்த்து மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வடியுங்கள். கார்ப்ரேட்டரை வடித்து, சிலிண்டரில் கொஞ்சம் டூ-டி ஊற்றி, அன்றைக்கே ஓடவிடணும். மறுநாளுக்கு வைத்தால் பேரிங்கில் துரு பிடிக்கும்.

பழைய ஃபோர்மன்:
எழும்பிய பிறகு செய்கிற தப்பும் உண்டு. கரையில் தண்ணீர் இல்லாமல் 'சும்மா ஒரு நிமிஷம்' ஓட்டினால் இம்பெல்லர் (தண்ணீர் பம்பின் சக்கரம்) ரப்பர் கருகிவிடும். டிரம்மில் இறக்கி, தண்ணீர் இழுக்கும் வாய் மூழ்கும்வரை நிரப்பி ஓட்டுங்கள். பின்னால் தண்ணீர் பீச்சவில்லையென்றால் உடனே நிறுத்திவிட்டு, பீச்சும் துளையை மெல்லிய நைலான் தூண்டில் நரம்பால் குத்திப் பாருங்கள். செம்பனைத் தோட்டத்துக் கொட்டகையில் கிடந்த மோட்டார் என்றால் குளவி அங்கே மண் வைத்து அடைத்திருக்கும்.