மறு: தொங்கும் செடிக்குத் தொட்டி மாற்றுவது – ஒரு சொல் வேண்டும்

காட்பாடியிலிருந்து, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிச் சூழல் மன்றப் பிள்ளைகளுக்காக வீட்டுச் செடி வளர்ப்பு பற்றிய 16 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பதினோராம் பக்கத்தில் 'ரீபாட்டிங்' என்ற தலைப்பில் நின்றுவிட்டேன்.

ஹோயாக் கொடியை வைத்து விளக்கியிருக்கிறார்கள். தடித்த இலை, கீழே தொங்கும் கொடி, மெழுகில் செய்தது போன்ற நட்சத்திரப் பூங்கொத்து. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, வேர் தொட்டி முழுக்க அடைத்துக்கொண்ட பிறகு, மண்கட்டியோடு எடுத்துச் சற்றே பெரிய தொட்டியில் வைக்க வேண்டும் என்பது செய்தி. சொல் மூன்று விதமாக வருகிறது: தலைப்பாக, வினையாக, அப்புறம் 'ரீபாட் செய்த செடி' என்று எச்சமாக. மூன்றுக்கும் இசைகிற சொல் வேண்டும்.

நான் 'மறுநடவு' என்று எழுதிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. ஏன் என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

ஆற்காட்டிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, வணக்கம். உங்கள் மனசு ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் நடவு என்றால் நாற்றங்காலிலிருந்து வயலுக்குப் போவது. இலவம்பாடி முள்ளுக் கத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான். நாற்றைப் பிடுங்கும்போது வேரில் இருக்கும் மண் உதிர்ந்துவிடும். அது இளசு, தாங்கிக்கொள்ளும். நீங்கள் சொல்லும் ஹோயாவோ வளர்ந்து பூத்துக் குடியிருக்கிற செடி, மண்ணோடு பெயர்கிறது. இரண்டும் ஒரே செயல் அல்ல. போதாததற்கு 'மறு' என்பது திரும்பவும் என்றும் நிற்கும், மறுத்தல் என்றும் நிற்கும், குறை என்றும் நிற்கும். கலைச்சொல்லுக்கு முன்னால் அதை ஒட்டவைக்கும் பழக்கத்தை நாம் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

என் பரிந்துரை: கலம்பெயர்ப்பு. 'கலம்செய் கோவே' என்று குயவரை அழைக்கும் புறநானூறு 256-ஐ நினைத்துப் பாருங்கள். கணவனை இழந்தவள், வண்டியின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த சிறுவெண்பல்லி போல அவனோடு சுரம் பல கடந்து வந்தவள், ஈமத் தாழியை 'அகலிது ஆக வனைமோ', அகலமாகச் செய் என்று கேட்கிறாள். தனக்கும் இடம் வேண்டுமாம். உள்ளே இருக்கும் உயிருக்கு ஏற்பக் கலம் அகல வேண்டும் என்ற எண்ணம் நமக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். கலம் என்ற சொல் கையில் இருக்கும்போது வேறு எதற்குத் தேட வேண்டும்?

குடியாத்தத்திலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயாவுக்கு வணக்கம். பாட்டைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. ஆனால் ஹோயாவுக்கு அகலிதாக வனையச் சொல்லாதீர்கள். பழைய தொட்டியைவிட ஒன்று, இரண்டு அங்குலம் பெரிதாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிவிடும், வேர் அழுகும். இது நெருக்கத்தில் பூக்கிற செடி.

நான் நர்சரி வைத்திருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் 'தொட்டி மாத்தணும்' என்றுதான் சொல்கிறார்கள். நேற்றுகூட ஒரு ஹோயாவை மாற்றினேன். முதல் நாளே தண்ணீர் விட்டுவிட்டேன். நீளக் கொடிகளைச் சுருட்டிப் பழைய துணியில் தளர்வாகக் கட்டிக்கொண்டேன், இல்லாவிட்டால் கவிழ்க்கும்போது முறிந்து பால் வடியும். எருக்கின் குடும்பம்தானே. தொட்டியைப் பக்கவாட்டில் தட்டிக் கவிழ்த்தால் மண் முழுசாக வந்தது. அடியில் வேர் சுற்றிச் சுற்றி, அப்படியே சும்மாடு. தண்ணீர்க் குடத்துக்குத் தலையில் வைப்போமே, அதே மாதிரி. சுற்றை விரலால் கொஞ்சம் தளர்த்திவிட்டு, தேங்காய் நார்க்கழிவு, கரித்துண்டு, மண்புழு உரம் கலந்த கலவையில் வைத்தேன். ஒரு வாரம் நிழல்.

ஆசிரியையிடம் ஒரு வேண்டுகோள். கத்திரி வெயிலில் இதைச் செய்யக் கூடாது என்று கையேட்டில் கட்டாயம் போடுங்கள். வேலூரில் 40 டிகிரி தாண்டுகிற மே மாதத்தில் மாற்றிய செடி பிழைப்பது கஷ்டம். கோடை மழை விழுந்து சூடு அடங்கிய பிறகு செய்யலாம்.

சத்துவாச்சாரியிலிருந்து, செவ்வாய் இரவு

நான் மென்பொருள் மொழியாக்கத்தில் இருக்கிறேன். கலம் என்றால் என் மகளுக்கு விண்கலம்தான் நினைவுக்கு வருகிறது. கலம்பெயர்ப்பு என்று தலைப்பு வைத்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ராக்கெட் படம் தேடும். படிக்கிறவனுக்குப் புரியாத சொல் எவ்வளவு தூயதாக இருந்தும் என்ன பயன், ஐயா? நர்சரி அக்கா சொன்னதையே எடுத்து 'தொட்டி மாற்றம்' என்று வைக்கலாம்.

ஒரு சிக்கலும் உண்டு. அதே தொட்டியில் மண்ணை மட்டும் புதிதாகப் போடுவதையும் ஆங்கிலத்தில் ரீபாட்டிங் என்றே சொல்லிவிடுகிறார்கள். அங்கே தொட்டி மாறவில்லையே?

குடியாத்தத்திலிருந்து, செவ்வாய் இரவு

தம்பி, அதற்கு நாங்கள் 'மண்ணு மாத்தறது' என்போம். இரண்டு வேலை, இரண்டு சொல். அவர்கள் ஒன்றில் அடைத்தார்கள் என்பதற்காக நாமும் அடைக்க வேண்டுமா?

ஆற்காட்டிலிருந்து, புதன் விடியற்காலை

தம்பிக்கு: புரியாத சொல் பழகினால் புரியும். பேருந்து என்ற சொல்லும் ஒரு காலத்தில் புதிதுதான்.

தொட்டி பற்றிச் சொல்ல வேண்டும். தொடுதல் என்றால் தோண்டுதல். 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' – குறள் 396. பாலாற்றங்கரையில் பிறந்தவனுக்கு இந்தக் குறளுக்கு உரை தேவையில்லை. சிறு வயதில் வறண்ட ஆற்றில் கையால் மணலைப் பறிப்போம். முழங்கை ஆழத்தில் மணல் கறுக்கும். இன்னும் ஒரு பிடி எடுத்தால் ஓரம் சரிந்து, கலங்கலாகத் தண்ணீர் ஊறும். சற்றுப் பொறுத்தால் தெளியும். அம்மா சொம்பில் மொண்டு துணியில் வடிகட்டுவார். தொட்டது தொட்டி என்பது என் முடிவு. தோண்டிய பள்ளத்தில் நீர் நின்றால் தொட்டி, வீட்டு நடுவில் பள்ளமான முற்றம் இருந்தால் தொட்டிக்கட்டு. அப்படியிருக்க, கூரையிலிருந்து தொங்குகிற ஒன்றைத் தொட்டி என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் கலம் என்கிறேன்.

வாணியம்பாடியிலிருந்து, புதன் மாலை

ஐயா, ஊற்றுப் பறித்ததை எழுதினீர்களே, அதற்காகவே இந்த இழையைச் சேமித்துக்கொண்டேன். ஆனால் தொடு, தொட்டி இரண்டும் ஒலியில் நெருங்கியிருப்பது மட்டும் சான்று ஆகாது. அப்படிப் பார்த்தால் தொட்டிலையும் சேர்க்க வேண்டும், தொட்டில் தொங்கத்தானே செய்கிறது? சொல் பிறந்த இடம் எதுவானாலும், இன்று மாடியிலும் சன்னலிலும் இருப்பது பூந்தொட்டி. அதைப் பிடுங்க முடியாது.

தொங்குவதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: உறி. வெண்ணெய்ப் பானையும் மோர்ப்பானையும் பூனைக்கு எட்டாமல் தொங்கிய கயிற்று உறி. இன்று கயிற்றில் முடிச்சுப் பின்னிச் செடி தொங்கவிட விற்கிறார்களே, அது உறியேதான். தொங்கும் தொட்டியை உறித்தொட்டி எனலாம்.

அப்புறம், 'பெயர்ப்பு' என்று ஐயா தொட்டதை நான் விடமாட்டேன். மொழிபெயர்ப்பில் நாம் மொழியையா பெயர்க்கிறோம்? பொருளை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் பெயர்க்கிறோம். தொல்காப்பிய மரபியலே 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்' என்கிறது. அதே வாய்பாட்டில், செடியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்குப் பெயர்ப்பது தொட்டிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் மிகாதது போலவே இங்கும் ஒற்று மிகாது. பெயர்த்தல், பெயர்த்த செடி, பெயர்க்கலாம் – ஆசிரியை கேட்ட மூன்று வடிவமும் கிடைக்கிறது. 'மாற்றம்' என்றால் யாரும் செய்யாமல் தானே மாறியது போல இருக்கிறது.

குடியாத்தத்திலிருந்து, புதன் இரவு

உறித்தொட்டி! எங்கள் பலகையில் நாளைக்கே எழுதிவிடுவேன். பெயர்ப்பு என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. பெயர்க்கிறது என்றால் கடப்பாறையால் தரையைப் பெயர்க்கிறதுதான் காதில் விழுகிறது. செடியை அப்படிச் செய்ய மாட்டோம்.

காட்பாடியிலிருந்து, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பில் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, விளக்கம் சொல்லாமல், என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். கலம்பெயர்ப்புக்குத் தம்பி பயந்தது போலவே விண்வெளி வந்தது, கப்பலும் வந்தது. தொட்டிபெயர்ப்புக்குச் சிலர் 'தொட்டியை இடம் மாத்தறது, டீச்சர், வெயிலுக்கு நகர்த்துவாங்க இல்ல' என்றார்கள். அது தவறில்லை, ஆனால் நமக்கு வேண்டிய பொருள் அது இல்லை. 'தொட்டி மாற்றுதல்' எழுதியதும் ஒரு பெண் எழுந்து, 'எங்க ஆயா ஓட்டை பக்கெட்டுக்கு மாத்துவாங்க' என்று முறையையே சொல்லிவிட்டாள்.

அதனால் தலைப்பு 'தொட்டி மாற்றுதல்'. புதிய மண் மட்டும் போடுவதை 'மண் மாற்றுதல்' என்று தனியே பிரித்துவிட்டேன். இந்த இழையில் யாரும் சண்டையிடாத இரண்டு சொற்களும் உள்ளே போகின்றன: உறித்தொட்டி, அப்புறம் அடியில் சுருண்ட வேருக்கு அக்கா வாயில் வந்த சும்மாடு. 'வேர்ச்சும்மாடு கட்டியிருந்தால் தொட்டி மாற்றும் காலம் வந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறேன். மூலத்தில் அந்த இடம் இவ்வளவு தெளிவாக இல்லை. கத்திரி வெயில் எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன்.

பூத்து முடிந்த காம்பை வெட்டக் கூடாது, அதே காம்பில்தான் அடுத்த கொத்தும் வரும் என்ற வரியில் 'பூக்காம்பு' என்றே வைத்துவிட்டேன். ஆட்சேபம் இருந்தால் காலை பத்து மணிக்குள் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து, வியாழன் இரவு

தொட்டி மாற்றுதலுக்கு என் வாக்கு.

வாணியம்பாடியிலிருந்து, வியாழன் இரவு

களைத்துப் போய்ச் சம்மதிக்கிறேன். சொல்லடைவில் தொட்டிபெயர்ப்பையும் இணைச்சொல்லாகச் சேர்க்க முடிந்தால் மகிழ்ச்சி.

ஆற்காட்டிலிருந்து, வெள்ளி விடியற்காலை

அம்மா, அச்சுக்கு அனுப்புங்கள். தடை சொல்ல மாட்டேன், பிள்ளைகளுக்குப் புரிவது முக்கியம். ஆனால் 'தொட்டி மாற்றுதல்' ஒரு செயலின் விளக்கம், கலைச்சொல் அல்ல. நாளைக்கு ஒரு தாவரவியல் மாணவர் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது அவருக்கு ஒற்றைச் சொல் வேண்டியிருக்கும். அவருக்காகக் கலம்பெயர்ப்பு என்று என் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன், அடியில் 256 என்ற எண்ணோடு. பூக்காம்பு பற்றி இன்று மாலை விரிவாக எழுதுகிறேன். அது ஒரு பூவின் காம்பு அல்ல, கொத்தின் காம்பு.