விதை போட காலமை நல்லதோ பின்னேரம் நல்லதோ?

வெள்ளவத்தைப் பல்கனி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஃபிளாட்டில மூண்டாம் மாடி, கடல் பக்கம் பாத்த பல்கனி, மத்தியானத்தில இருந்து பொழுது படுமட்டும் வெயில் நேர அடிக்கும். முளைக்கீரை, மிளகாய், சலாது (லெட்டூஸ்) மூண்டும் போட்டனான், கீரை அங்கொண்டு இங்கொண்டா வந்தது, சலாது ஒண்டுமே முளைக்கேல்ல. வேலைக்குப் போக முதல் காலமை ஏழு மணிக்கு விதைச்சுத் தண்ணி விட்டிட்டுப் போறனான், வர ஆறரை ஆகும், பாத்தா மேல்மண் சாம்பல் மாதிரிக் காஞ்சு கிடக்கும். பின்னேரம் போடுவம் எண்டா விளக்கு வைச்ச பிறகு மண்ணில கை வைக்காத எண்டு அம்மா சொல்லுறா, மேல்நோக்கு நாளும் பாக்கட்டாம். எந்த நேரம் நல்லது? ஒவ்வொரு நாளும் எட்டி எட்டிப் பாத்து ஏமாறுறது சரியான கவலையா இருக்கு.

தெஹிவளை மாடித்தோட்டம்:
தங்கச்சி, பின்னேரம்தான். விதை முதல்ல தண்ணி குடிச்சு ஊதும், பிறகுதான் முளை விடும், ஊதி முளை வெளிக்கிட்ட விதை ஒருக்காக் காஞ்சா பிறகு எவ்வளவு தண்ணி விட்டாலும் எழும்பாது. கீரை விதை கடுகை விடச் சின்னன், மேல்மண்ணிலேயே கிடக்கிறதால அதுதான் முதல்ல சாகும். பின்னேரம் போட்டா வெயில் வர முதல் பன்னிரண்டு மணித்தியாலம் ஈரத்தில கிடக்கும். ஆனா உங்கட பல்கனியில ஐஞ்சு மணிக்கும் சாடி சுடும், அதால மத்தியானமே சாடியை உள்ள எடுத்து மண்ணைக் குளிர விட்டிட்டுப் போடுங்கோ. சனி ஞாயிறில ஐஞ்சு மணிக்குப் போட்டா விளக்கு வைக்க முதல் வேலையும் முடியும், அம்மாவும் சந்தோசப்படுவா. மேல ஈரச் சாக்கு போடுங்கோ, முளை தெரிஞ்ச உடன எடுத்திடோணும், பிந்தினா நூல் மாதிரி நீண்டு சாஞ்சிடும்.

மேல்நோக்கு நாள் பாக்கிறதும் கஷ்டமில்லை, 27 நட்சத்திரத்தில 9 மேல்நோக்கு, பஞ்சாங்கத்தில போட்டிருக்கும்.

கொட்டாஞ்சேனை:
அக்கா சொன்னது சரி, ஆனா ஐப்பசி கார்த்திகையில நான் சாயந்தரம் போடவே மாட்டேன். அந்த நேரம் இடி மழை மத்தியானத்துக்கு மேலதான் கொட்டும், போன ஐப்பசியில நான் ஐஞ்சு மணிக்கு தூவின கீரை விதையெல்லாம் ஆறு மணி மழையில ஒரே மூலைக்கு அடிச்சிட்டுப் போய் அங்க மட்டும் கொத்தா முளைச்சிச்சு, மனசே விட்டுப்போச்சு. மார்ச் ஏப்ரல்லயும் இதே கதைதான். அந்த மாசங்கள்ல கூரைக்குக் கீழ வைங்க, இல்லாட்டி வலை கட்டுங்க. எறும்பையும் பாத்துக்கங்க, கீரை விதைய ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டுப் போயிரும். பயத்தங்காய், வெண்டிக்கு இந்த நேரமெல்லாம் பாக்கத் தேவையில்ல, ஒரு அங்குலம் ஆழத்துல போடுறதால ஈரம் நிக்கும்.

வெள்ளவத்தைப் பல்கனி:
ரெண்டு பேருக்கும் நன்றி. அப்ப சலாது? அது ஒரு விதை கூட வரேல்லையே, காய்ஞ்சது மட்டும்தானோ காரணம்?

தெஹிவளை மாடித்தோட்டம்:
அதுக்குச் சூடுதான் எதிரி. மண் 30 பாகைக்கு மேல போனா சலாது விதை ஈரம் இருந்தாலும் முளைக்காமல் உறங்கிடும். ஈர டிஷ்யூவில சுத்தி ரெண்டு மூண்டு நாள் ஃபிரிட்ஜில வைச்சிட்டு பின்னேரம் போடுங்கோ, வெளிச்சமும் வேணும் அதுக்கு, அதால மண்ணால மூடாமல் சும்மா அமத்தி விடுங்கோ, சாக்கும் வேண்டாம், வீட்டுக்குள்ள ஜன்னலடியில வையுங்கோ. மிளகாய்க்கு அவசரப்படாதீங்கோ, பத்து நாளுக்கு மேலயும் எடுக்கும், அதுக்குள்ள கிண்டிப் பாக்க வேண்டாம். இன்னும் சந்தேகம் எண்டா விவசாயத் திணைக்களத்தின்ர 1920க்கு அடிச்சுக் கேக்கலாம்.

வெள்ளவத்தைப் பல்கனி:
நான் மிளகாயை ஆறாம் நாளே கிண்டிப் பாத்திட்டன் அக்கா. இந்தச் சனி திரும்பப் போடுறன். சாக்குக்கு என்ன செய்யிறது, இப்ப அரிசி வாறது எல்லாம் பிளாஸ்டிக் பையில.

கொட்டாஞ்சேனை:
பழைய பருத்திச் சாரம் இருந்தா கிழிச்சு நனைச்சுப் போடுங்க, நான் அதுதான் போடுறேன்.