காய்ச்சல் விட்ட பிறகு வந்த கால்வலி

ஒட்டுசுட்டான் பக்கத்துத் தாய்:

2021 செப்டெம்பர், ஊரடங்குக் காலம். இரண்டாவது பிள்ளை வயிற்றில், 31 வாரம். கொரோனா என்று ஒரு வைத்தியசாலையில் ஏழு நாள் வைத்திருந்தார்கள். மூச்சு முட்டவில்லை; வாய்க்கசப்பில் சோறும் இறங்கவில்லை, தண்ணீரும் இறங்கவில்லை. காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரத்தம் உறையக்கூடும் என்று யாரும் சொல்லவில்லை. அன்றைய நெரிசலில் சொல்ல நேரம் இருந்திருக்காது என்று இப்போது சமாதானம் செய்துகொள்கிறேன், முழு மனதோடு அல்ல.

வந்த நாலாம் நாள் இடது கெண்டைக்காலில் வலி. "மாசமான பெண்ணுக்குக் கால் பிடிக்கத்தானே செய்யும்" என்று அம்மா நல்லெண்ணெய் சூடாக்கி இரண்டு இரவு தேய்த்துவிட்டார். நானும் சுகமாக நீட்டிக்கொண்டு கிடந்தேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மூன்றாம் நாள் தற்செயலாகக் குடும்பநல உத்தியோகத்தர் தொலைபேசியில் சுகம் விசாரித்தார். கால்வலி என்றேன். "ஒரு காலா, இரண்டு காலா?" என்று கேட்டார். ஒன்று என்றதும் குரல் மாறிவிட்டது. தையல் நாடாவை எடுத்து, முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில் இரண்டு காலையும் அளக்கச் சொன்னார். என் கணவர் அளந்தார்: இடது கால் 4 சென்ரிமீற்றர் கூட. "பிள்ளை, இனி அந்தக் காலை ஒருவரும் தேய்க்க வேண்டாம். இப்போதே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ" என்றார்.

இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கானில் தொடை நாளம் (இதயத்துக்கு இரத்தம் திரும்பும் குழாய்) வரை இரத்தக்கட்டி. தேய்த்ததில் அது உடைந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பிள்ளைப்பேற்றில் இரத்தம் கொட்டிவிடாமலிருக்க, கர்ப்பக் காலத்தில் உடம்பே இரத்தத்தை உறைய ஆயத்தமாக வைத்திருக்குமாம். வளரும் கருப்பையும் நாளங்களை அழுத்துகிறது. இடது கால் நாளத்தின் மேலே வலப்பக்க நாடி (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்) குறுக்கே ஓடுவதால் கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் இடது காலில்தான் கட்டி வருமாம். இதற்குமேல் வைரஸ் குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்கியிருக்கிறது. தண்ணீர் குடிக்காமல் படுத்தே கிடந்தது என் பங்கு. இணையத்தில் படித்துவிட்டு வந்த கணவர், இரத்தக்கட்டிக்காகச் செய்யும் டி-டைமர் இரத்தச் சோதனை செய்யவில்லையா என்று கேட்டார். கர்ப்பத்தில் அது சாதாரணமாகவே கூடியிருக்கும், அதை வைத்து முடிவெடுக்க முடியாது என்றார் வைத்தியர்.

பிறகு இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈனொக்சபரின் ஊசி. நிறைக்கு ஏற்ற அளவில் காலையும் மாலையும் வயிற்றுத் தோலில் நானே போட்டுக்கொண்டேன். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போகாது. அதே வேலைக்கான வார்பரின் குளிசை தாண்டும், ஆகவே கர்ப்பத்தில் அது இல்லை. 25 பாகைக்கு மேல் சூடு படக்கூடாது, உறையவும் கூடாது என்றார்கள். வன்னி வெயிலில் 25 பாகைக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு மச்சாளின் குளிர்சாதனப் பெட்டியில் முட்டைத் தட்டுக்குக் கீழே குடியிருந்தது என் மருந்து. பேற்றுக்கு முதல் நாள் நிறுத்தி, மகள் பிறந்தபின் ஆறு வாரம் தொடர்ந்தேன். பால் கொடுக்கும்போது வார்பரின் எடுக்கலாம்தான். ஆனால் அடிக்கடி இரத்தம் சோதிக்கப் பச்சைப் பிள்ளையோடு பஸ் ஏற வேண்டும். ஊசியே போதும் என்றேன். எல்லாமாக 200 ஊசிக்குச் சற்றுக் குறைவு.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தகப்பன்:

எங்களுக்கு நடந்தது நேர் எதிர்: இரத்தம் உறையவில்லை, கசிந்தது. டெங்கு. 2017 ஜனவரி. அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு. மனைவிக்கு 28 வாரம். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. மாமி கஞ்சி காய்ச்சத் தொடங்கிவிட்டார். விடுதித் தாதியோ அப்போதுதான் மணிக்கு மணி பார்க்கத் தொடங்கினார். டெங்கில் ஆபத்து காய்ச்சல் இறங்கும்போதுதானாம். இரத்தத்தை உறையவைக்கும் சிறுதட்டு 38,000க்கு இறங்கி பல்முரசில் இரத்தம் கசிந்தது.

வைத்தியர் என்னிடம் கேட்டது கர்ப்பவதிப் பதிவேட்டை. கர்ப்பத்தில் இரத்தம் ஏற்கெனவே நீர்த்திருக்கும், பழைய அளவு தெரியாவிட்டால் இப்போது தடித்திருக்கிறதா என்று சொல்ல முடியாது என்றார். அதை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்! அந்த மழையில் மோட்டார் சைக்கிளில் போய் எடுத்து வந்தேன். பரசிற்றமோல் தவிர வேறு வலிமாத்திரை தரவில்லை. மாமி கொண்டுவந்த பப்பாசி இலைச் சாறு போத்தலோடு திரும்பிப் போனது. நிறைமாதத்தில் மகன் பிறந்தான்.

வவுனியா வடக்கில் வேலை செய்து ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்:

தங்கச்சி சொன்ன நாடா அளவு நல்லதுதான், ஆனால் இரண்டு காலும் ஒரே அளவென்றால் கட்டி இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். கட்டி இடுப்புக்குள் இருந்தால் வலி முதுகிலோ அடிவயிற்றிலோ தெரியலாம். திடீர் மூச்சு வாங்கல், நெஞ்சுக் குத்து, இருமலில் இரத்தம் என்றால் அளந்துகொண்டிருக்கவே கூடாது.

இன்னொன்று. பிள்ளை பிறந்த பின் ஆறு வாரம் கட்டி வரும் ஆபத்து கர்ப்பத்தை விடவும் கூட. எங்கள் வீடுகளிலோ அப்போதுதான் பத்தியம் என்று தாயைக் கட்டிலோடு கிடத்தி, தண்ணீரையும் அளந்து கொடுக்கிறோம். எத்தனை வீட்டில் இதற்காகச் சண்டை பிடித்திருப்பேன்!

ஒட்டுசுட்டான் பக்கத்துத் தாய்:

எங்கள் வீட்டிலும் அதே கதைதான் அக்கா. அம்மா கண்ணயரும் நேரம் பார்த்துக் கிணற்றடி வரை நடந்து வயிறு நிறையக் குடித்துவிட்டு வருவேன்.