வீட்டுப் பணியாளரிடையே முறுகல்: என்ன செய்யலாம்?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் வீடு. சமையல், துப்புரவு, தோட்டம், வாகனம் என நாலு பேர். ஒருவரோடொருவர் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. வழி சொல்லுங்கோ.

பதில் 1: யாருக்கும் சொந்தமில்லாத வேலையில்தான் சண்டை தொடங்கும்: குப்பை வைப்பது, தண்ணீர்த் தாங்கி நிரப்புவது, விருந்தினர் போனபின் கோப்பை கழுவுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதி, கிழமைக்கொருக்கா மாத்துங்கோ. வேலை சொல்வது வீட்டில் ஒராள் மட்டும். ஐயா ஒன்று, அம்மா இன்னொன்று சொன்னால் பழி பணியாளர் தலையில்தான் விழும்.

பதில் 2: முற்பணத்தைக் கொப்பியில் போடுங்கோ: தொகை, திகதி, இருவர் கையெழுத்தும். ஜும்ஆ (வெள்ளித் தொழுகை), போயா (பௌர்ணமி), கோயில் திருவிழா லீவுகளை மாதத் தொடக்கத்திலேயே குறித்தால் ஒருவருக்காக மற்றவர் நிற்பார்.

பதில் 3: கச்சான் காற்று (வெக்கையான தென்மேற்குக் காற்று) வீசும் காலத்தில் தோட்டக்காரருக்கு 11 மணியிலிருந்து 3 மணிவரை உள்வேலை குடுங்கோ. நாலு பேருக்கும் ஒரே சோறு குடுங்கோ, கதிரையில் இருந்து சாப்பிட விடுங்கோ.