மேல்முறையீட்டுக் குழுவில் ஆள் வராவிட்டால் மாற்று ஆள் கிடையாதா?

கேள்வி (அம்மாபேட்டை):
அப்பாவின் தறிக்கொட்டகையை 2019லேயே பிரித்துவிட்டோம். குழித்தறி இருந்த குழி மட்டும்தான் மிச்சம், அதில் அம்மா கறிவேப்பிலை வைத்திருக்கிறார். 2022 சொத்துவரி உயர்வில் கொட்டகையையும் சேர்த்து 1,260 சதுர அடி என்று எழுதிவிட்டார்கள். 1,200க்குள் என்றால் உயர்வு 50 சதவீதம்தான். எங்களுக்கு 75. மேல்முறையீட்டுக்கு மூன்று முறை போனேன், உறுப்பினர் வரவில்லை என்று மூன்று முறையும் தள்ளிவைத்தார்கள். ஒரு நாள் கூலி போனால் எனக்குப் பெரிய இழப்பு. வராதவர் இடத்தில் இன்னொருவரை உட்காரவைக்கக் கூடாதா?

பதில் (சூரமங்கலம்):
மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) வரி முறையீட்டு வாரியத்தில் பொதுவாக மூன்று பேர். மாற்று உறுப்பினர்களையும் முன்பே நியமித்து வைக்கலாம். பெரிய கவுண்டிகளில் கணக்காயர், வழக்கறிஞர், மதிப்பீட்டாளர் போன்ற தொழிலில் 5 வருட அனுபவம் வேண்டும். பொதுவாக 2 வருடத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால், மனு போட்டவர் சொன்ன மதிப்பையே எடுத்துக்கொள்வார்கள். நமக்கும் இது கட்டாயம் வேண்டும்.

பதில் (ஏற்காடு):
அண்ணா, போன மூன்று தேதிகளையும் எழுதி மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தக் குழியைப் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி தம்பி, திங்கட்கிழமையே கொடுக்கிறேன். மாற்று உறுப்பினர் வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுகிறேன்.