வயதான பிறகு கூடப்பிறந்தவர்களைத் தேடிப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை (மயிலாடுதுறை):

எனக்கு 67 வயது. நாங்கள் நாலு பேர். அக்கா 1968-இல் கல்யாணமாகி டெல்லிக்குப் போனாள். பெரியண்ணன் 1973-இல் ஒடிசாவில் ரூர்கேலா உருக்காலையில் வேலைக்குச் சேர்ந்தார். சின்னண்ணன் நாக்பூரில் ரயில்வே. கடைக்குட்டி நான் மட்டும் உள்ளூரிலேயே வாக்கப்பட்டு, காவிரியை விட்டு நகராமல் இருந்துவிட்டேன்.

சின்னண்ணன் 2021 மே மாதம் போய்விட்டார். அந்த மாதம் எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மகன் போனைத் தூக்கிப் பிடித்தான், ஒரு நிமிஷம் முகம் பார்த்தோம். அதற்கப்புறம் மிச்சமிருக்கிற இரண்டு பேரையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தேன், கிளம்பவில்லை. கடைசியில் போன பிப்ரவரியில் கிளம்பினேன். டிசம்பர், ஜனவரியில் வடக்கே மூடுபனியால் வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகும். ஏப்ரலுக்கு மேல் அந்த வெயிலை நம் உடம்பு தாங்காது. நடுவில் இருப்பதுதான் நம் வயதுக்குத் தோதான காலம்.

மகனுக்கு இஷ்டமில்லை. "தினமும் வீடியோ கால்ல பாக்கறியேம்மா, இந்த வயசுல எதுக்கு இந்த அலைச்சல்?" என்றான். அவன் பயம் நியாயமானதுதான். ஆனால் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நானும்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இரவு பத்து மணிக்கு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினேன். மறுநாள் மத்தியானம் வண்டி நாக்பூரில் நின்றது. முன்பெல்லாம் டெல்லி போகும்போது சின்னண்ணன் பிளாட்பாரத்தில் ஒரு பை ஆரஞ்சோடு நிற்பார். எந்தப் பெட்டி என்று தெரியாமல் ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வருவார். இந்த முறையும் நான் எழுந்து கதவு வரைக்கும் போய் நின்றேன். வண்டி நகர்ந்த பிறகுதான் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

அக்காவுக்கு 79. மகன், மருமகளோடு இருக்கிறாள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு வருஷமாகப் போனில் எதைச் சொன்னாலும் "சரி, சரி" என்பாள். "சாப்பிட்டியாக்கா" என்றாலும் சரி, "இங்க நல்ல மழைக்கா" என்றாலும் சரி. அவளுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் முடிவே கட்டிவிட்டோம். "பாவம், இனிமே அவகிட்ட ரொம்பப் பேசி சிரமப்படுத்தாதே" என்று அண்ணன்கூடச் சொன்னார். போனும் குறைந்துபோயிற்று.

போன அன்று சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தேன். வலது காதுப் பக்கம் குனிந்து ஏதோ சொன்னேன். உடனே தெளிவாகப் பதில் வந்தது. இடது பக்கம் வந்து அதையே கேட்டேன். "சரி, சரி" என்றாள்.

எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. மேஜை டிராயரைத் திறந்தால் காதுக் கருவி ஒரு பஞ்சுப் பொட்டலத்தில் கிடக்கிறது. "அது ரிப்பேர்டி" என்றாள். ரிப்பேர் இல்லை. அந்தக் கருவிக்குப் போடும் பேட்டரி ஒரு சின்ன மாத்திரை அளவுதான் இருக்கும். அதன் முதுகில் ஒரு ஸ்டிக்கர். அதை உரித்தால்தான் காற்றுப் பட்டு வேலை செய்யும். உரித்த பிறகு நாம் பயன்படுத்தினாலும் சரி, சும்மா வைத்திருந்தாலும் சரி, சில வாரத்தில் தீர்ந்துபோகும். அக்காவுக்கு விரல் நுனி மரத்துப்போனதில் ஸ்டிக்கர் பிடிபடவில்லை. அதனால் பேரன் வந்தபோது, அட்டையில் இருந்த அத்தனையையும் ஒரேயடியாக உரித்து வைக்கச் சொல்லியிருக்கிறாள். எல்லாம் சேர்ந்து தீர்ந்துவிட்டது. கருவி கெட்டுவிட்டது என்று எடுத்து வைத்துவிட்டாள். கடைக்காரர் சொல்லித்தான் இதெல்லாம் எனக்கே தெரிந்தது.

மறுநாள் புதுப் பேட்டரி போட்டு மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏண்டி பாப்பா, உன் குரல் அப்படியே அம்மா குரல் மாதிரி ஆயிடுச்சே" என்றாள்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் அவள் பேசினாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். 1973-இல் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் முருகன் கோயில் கும்பாபிஷேகம் நடந்தபோது அப்பா தனியாக டெல்லி போய் வந்தார். திரும்பி வந்து ஒரு பேட்டா இனிப்பு டப்பாவைத் திண்ணையில் வைத்து, "அவ நல்லா இருக்கா" என்று மட்டும் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. அக்கா இப்போது சொல்கிறாள், கிளம்புகிற அன்று அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனில் குலுங்கிக் குலுங்கி அழுதாராம். அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. ஐம்பது வருஷமாக அந்த ஒரு நாள் டெல்லியில் அக்காவிடமே இருந்திருக்கிறது.

அங்கிருந்து நிஜாமுதீனில் உத்கல் எக்ஸ்பிரஸ் ஏறி ரூர்கேலா. பெரியண்ணனுக்கு 75. வீடியோவில் எப்போதும் ஒரே நாற்காலியில், பின்னால் காலண்டர் தெரிய, வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருப்பார். "அண்ணே, எப்படி இருக்கீங்க?" என்றால், "எனக்கென்ன பாப்பா, ராஜா மாதிரி இருக்கேன்" என்பார். போய்ப் பார்த்தால் அந்த நாற்காலியும் அதன் பக்கத்தில் போட்டிருக்கிற கட்டிலும்தான் அவருக்கு வீடு. முட்டி மடங்கவில்லை. வாசலில் மூன்றே படி. அதைத் தாண்டி எட்டு மாதமாக வெளியே போகவில்லை. ஊதுலைப் பக்கம் வேலை பார்த்த மனுஷன், ஷிப்டுக்கு சைக்கிளில் பறந்தவர்.

அவரைக்கூட ஒருவிதமாக எதிர்பார்த்தேன் என்று சொல்லலாம். நான் எதிர்பார்க்காதது அண்ணியை. வீடியோவுக்குள் அண்ணி வந்ததே இல்லை. போனைப் பிடித்துக்கொண்டிருந்ததே அவர்தான். 70 வயதில் அண்ணனைத் தூக்கி உட்காரவைத்து, நடத்தி, குளிக்கவைத்து, வலது மணிக்கட்டு வீங்கிப்போய் ஒரு பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து வைத்தபோதுதான் கவனித்தேன். "என்ன அண்ணி இது?" என்றதற்கு, "ஒண்ணுமில்ல, சுளுக்கு" என்றார்.

அண்ணியின் தங்கை பிலாயில் இருக்கிறாள். அதே ரயில் பாதை, அரைநாள் தூரம். பார்த்து ஒன்பது வருஷம் ஆகிறதாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐந்து நாள் என்று போனவள் டிக்கெட்டை மாற்றிப் பன்னிரண்டு நாள் தங்கினேன். பகலுக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொண்டு, நாலு நாள் அண்ணியைப் பிலாய்க்கு அனுப்பிவைத்தேன். நான் எடுத்துப்போன நாரத்தங்காய் ஊறுகாயில் பாதியை அவரே தங்கைக்கென்று பாட்டிலில் எடுத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது தலைநிறையப் பூ, புதுச் சேலை. அண்ணன் அடையாளம் தெரியாதவர் மாதிரி பார்த்தார்.

அந்த நாலு நாளும் நான் அண்ணனுக்குச் சோறு போட்டேன். "பாப்பா, இன்னும் கொஞ்சம் ரசம்" என்று கேட்பார். என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் இப்போது இரண்டே பேர்தான் இருக்கிறார்கள்.

முத்துநகர் (தூத்துக்குடி):

அக்கா, உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு நானும் எழுத வந்தேன். எனக்கு 72. அண்ணன் 1969-லேயே அந்தமான் போர்ட் பிளேருக்கு வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டார். ஊரில் இருந்த இடத்தை விற்றதில் எங்களுக்குள் மனக்கசப்பு. 22 வருஷம் பேச்சு இல்லை. நல்லது கெட்டதுக்கு அவர் பிள்ளைகள் மட்டும் வந்து போனார்கள்.

போன வருஷம் நானாகவே போனேன். டாக்டர் விமானம் வேண்டாம் என்றார், அதனால் சென்னையிலிருந்து கப்பல். கிட்டத்தட்ட மூன்று நாள். முதல் நாள் தலைசுற்றல் உண்டு, ஆனால் படுத்தே கிடக்காமல் மேல்தளத்தில் காற்றுப்பட உட்கார்ந்தால் சரியாகிவிடும். அந்த மூன்று நாளும் என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் எழுதி எழுதி அடித்தேன். கணக்கைக்கூட ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன்.

ஹாடோ துறையில் இறங்கினால் அண்ணன் நிற்கிறார். 78 வயது. ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையிலிருந்த பையைப் பிடுங்கினார். தூக்க முடியவில்லை. "என்னலே இது, இந்தக் கனம் கனக்கு?" என்றார். "உடன்குடிக் கருப்பட்டி அண்ணே, அஞ்சு கிலோ" என்றேன். "அஞ்சு கிலோவா?" என்று கேட்டுவிட்டு அப்படியே பையின்மேல் கைவைத்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது.

இருபது நாள் இருந்தேன். இடத்தைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அந்தத் தாள் சட்டைப் பையிலேயே துவைபட்டுப் போயிற்று.

டோம்பிவிலி பாட்டி (மும்பை பக்கம்):

நான் தேடிப் போனவள் இல்லை, தேடி வரப்பட்டவள். 74 வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து ரயில் ஏற முடியாது. தங்கை இரண்டு பேரும் சேர்ந்து திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். திரும்புகிற தேதியை வந்த அன்றைக்கே சொல்லாதீர்கள். சொன்ன நிமிஷத்திலிருந்து எங்களுக்கு நாள் எண்ணுவதே வேலையாகிவிடுகிறது. அவர்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே நான் வற்றல் போட ஆரம்பித்தேன். மாடிக்குப் போக முடியாது, பால்கனியில் இரண்டு மணி நேரம் அடிக்கிற வெயிலில் தட்டை நகர்த்தி நகர்த்திக் காயவைத்தேன். "எதுக்குடி இதெல்லாம்" என்று வந்தவர்கள் சொல்லக்கூடாது. வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

கொங்குக்காரி (ஈரோடு):

எனக்கு 63. அண்ணன் குவாஹாத்தியில் இருக்காருங்க. உங்க எல்லாத்தையும் படிச்ச பிறகு போயே ஆகணும்னு இருக்குதுங்க. தனியாப் போனா கீழ் பெர்த் கிடைக்குங்களா? டிக்கெட் செலவு கட்டுபடி ஆகுங்களா? காவிரிக்கரை அக்கா சொன்னா நல்லாருக்கும்.

காவிரிக்கரை (மயிலாடுதுறை):

கட்டாயம் போங்கள். 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் 60 வயதான ஆண்களுக்கும் கீழ் பெர்த்துக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. தனியாகவோ இரண்டு பேராகவோ போட்டால்தான் அது பொருந்தும். பேரன் பேத்தியோடு சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போட்டால் கிடைக்காமல் போகும். முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான். முன்பு 120 நாள் இருந்தது. திறக்கிற அன்று காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும். எனக்கு டெல்லி வண்டியில் கீழ் பெர்த் கிடைத்தது. உத்கலில் கிடைக்கவில்லை, ஒரு கல்லூரிப் பையன் மாற்றிக் கொடுத்தான்.

செலவு விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. முன்பெல்லாம் 58 வயதான பெண்களுக்குப் பாதிக் கட்டணம், 60 வயதான ஆண்களுக்கு நாற்பது சதவீதம் தள்ளுபடி. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்தினார்கள். நிறுத்தியது நிறுத்தியதாகவே இருக்கிறது. பென்ஷனில் இருக்கிறவர்கள் கூடப்பிறந்தவர்களைப் பார்க்கப் போவதைத் தள்ளிப்போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று வாய்ப்புக் கிடைக்கிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாத்திரை, டாக்டர் சீட்டின் நகல், ஒரு டார்ச், ரப்பர் அடி செருப்பு இவ்வளவும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். பெரிய ஸ்டேஷன்களில் சக்கர நாற்காலி கேட்டால் தருவார்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். முதல் நாளுக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் போதும்.

பெரியண்ணன் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். நான் கிளம்புகிற அன்று, "ஐப்பசி கடைமுகத்துக்கு ஊருக்கு வாங்கண்ணே, எல்லாருமா காவேரில முழுகலாம்" என்றேன். எங்கள் ஊரில் ஐப்பசி முழுக்கத் துலா ஸ்நானம், கடைசி நாள் கடைமுழுக்கு. நடக்க முடியாத ஒருவர் தட்டுத் தடுமாறி வந்து சேருவதற்குள் மாதம் முடிந்துவிட, அவருக்காகக் கார்த்திகை முதல் நாளும் அதே பலன் உண்டென்று சாமி வரம் கொடுத்ததாகச் சொல்வார்கள். அதுதான் முடவன் முழுக்கு. அண்ணன் முட்டியைத் தடவிக்கொண்டே, "கடைமுகம் எனக்கு எட்டாது பாப்பா. முடவன் முழுக்குக்கு வந்துடறேன்" என்றார்.

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். செப்டம்பரில் முன்பதிவு திறந்த அன்று அவரே போன் பண்ணி, "போட்டாச்சா?" என்றார். தன்பாத்–ஆலப்புழா வண்டியில் இரண்டும் கீழ் பெர்த்தாகவே கிடைத்தது. காட்பாடியில் இறக்கி, அங்கிருந்து காரில் அழைத்துவர என் மகன் போகிறான். வேண்டாம் என்றவனேதான். துலாக் கட்டத்தில் படி இறங்க முடியாது, நாற்காலி போட்டு உட்காரவைத்துக் குடத்தில் மொண்டு ஊற்றுவதாக ஏற்பாடு.

அக்கா வரமுடியாது. ஆனால் இப்போதெல்லாம் போனில் "சரி, சரி" கிடையாது. "என்னை விட்டுட்டு மூணு பேரும் முழுகறீங்களா?" என்று சண்டை பிடிக்கிறாள். அண்ணி நேற்றுப் பேசினார். நாரத்தங்காய் பாட்டில் காலியாகிவிட்டதாம். அலம்பிக் காயவைத்துப் பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறாராம், வந்து நிரப்பிக்கொண்டு போக.