கடை வாசலில் கொடிக்கம்பம் நட அனுமதி வாங்க வேண்டுமா?

பாத்திரக்கடை: எங்கள் ஊர் பஜாரில் 20 அடி ஜி.ஐ. குழாயில் கம்பம் நட்டு, கடை வாசலில் தேசியக்கொடி ஏற்ற ஆசைப்படுகிறேன். மே 5 வணிகர் தினத்தில் அதே கம்பத்தில் சங்கக் கொடியையும் சேர்த்து ஏற்றலாம் என்று எண்ணம். பக்கத்துக் கடைக்காரர், "கோர்ட் தீர்ப்பு வந்த பிறகு கம்பமே நடக்கூடாது" என்கிறார். கடை என்னுடையது, கொடி நாட்டுடையது. இதற்கு யாரிடம் போய் அனுமதி கேட்பது? எதற்குக் கேட்க வேண்டும்?

மூவண்ணம்: தாராளமாக ஏற்றுங்கள் அண்ணாச்சி. இந்த உரிமையே ஒரு தொழிற்சாலை வாசலில் இருந்து வந்ததுதான். இப்போது சத்தீஸ்கரில் உள்ள ராய்கரில் இருந்த தன் ஆலையில் தொழிலதிபர் நவீன் ஜிண்டால் கொடி ஏற்றியதை அதிகாரிகள் தடுத்தார்கள். அவர் விடவில்லை. 1995இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், மரியாதையோடு கொடி ஏற்றுவது குடிமகனின் அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டது. 2022 ஜூலையில் விதியைத் திருத்தி, இரவிலும் பறக்க விடலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அப்புறம் நகராட்சி என்ன கேட்பது?

நடைபாதை: அந்தத் தீர்ப்பு கொடியைப் பற்றியது. கம்பத்தைப் பற்றியது அல்ல. அதிலேயே இந்த உரிமை கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்றும் இருக்கிறது. அந்தப் பாதியை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? ஜிண்டால் ஏற்றியது தன் ஆலை வளாகத்துக்குள். அண்ணாச்சி நடப்போவது பஜாரில்.

பாத்திரக்கடை அண்ணாச்சி, உங்கள் வாசல் என்பது எதுவரை? எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஷட்டர் வரைதான் பட்டா. அதற்கு வெளியே படி, படிக்குக் கீழே கால்வாய், கால்வாய்க்கு மேல் சிலாப், அந்தச் சிலாப்பில் பக்கெட்டும் குடமும் அடுக்கியிருக்கும். சிலாப்பை உடைத்துக் குழி எடுத்தால் அது நகராட்சி இடம். 2025 ஜனவரி 27 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி இளந்திரையன் சொன்னது இந்த மாதிரி இடத்தைத்தான். பொது இடத்தில் இருக்கும் கட்சி, சாதி, மற்ற அமைப்புகளின் கம்பங்களை 12 வாரத்தில் அகற்றச் சொன்னார். வணிகர் சங்கமும் ஓர் அமைப்புதானே?

மூவண்ணம்: அந்த வழக்கு கட்சிக் கம்பங்களுக்காக வந்தது. மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம் என்று அது போன தூரம் வேறு. முச்சந்தியில் பத்துக் கட்சிக்காரர்கள் பீடம் கட்டி வைத்ததையும், ஒரு வியாபாரி ஆசையாகத் தேசியக்கொடி ஏற்றுவதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். மேடை போட்டு நடைபாதையை மறிப்பவர்களைக் கேட்க ஆளில்லை, ஒழுங்காக வரி கட்டுகிறவன் மனுவோடு அலைய வேண்டுமா? எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வருகிறது.

நடைபாதை: கோபம் நியாயம்தான். ஆனால் என் அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. அவர் நடந்து வரும்போது அந்தக் கம்பத்தில் பறப்பது கட்சிக் கொடியா தேசியக்கொடியா என்று பார்த்தா மோதிக்கொள்வார்?

தள மேஸ்திரி: ரெண்டு பேரும் கீழேயே பார்க்கிறீர்கள், கொஞ்சம் மேலே பாருங்கள். பஜாரில் இ.பி. கம்பி எவ்வளவு தூரத்தில் போகிறது? கட்டடத்துக்கும் 11 கே.வி. வரை உள்ள கம்பிக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி விட வேண்டும். கம்பத்துக்கு அது மட்டும் போதாது. 20 அடிக் குழாயை நாலு பேர் பிடித்துத் தூக்கி நிறுத்தும்போது அது எந்தப் பக்கமும் சாயலாம். அப்போது 20 அடி தூரத்துக்குள் இருக்கும் கம்பி எல்லாமே ஆபத்துதான். 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில் கொடிக்கம்பம் நடும்போது உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 13 வயதுச் சிறுவன் இறந்தான். சின்னப் பையனைக் கூப்பிட்டு "இதைக் கொஞ்சம் பிடி" என்கிற வேலை இல்லை இது. இ.பி. ஆட்களிடம் சொல்லி லைனை நிறுத்தாமல் நான் இந்த வேலைக்கு ஆள் அனுப்ப மாட்டேன்.

இன்னொன்று. ஒரே கம்பத்தில் தேசியக்கொடியோடு வேறு கொடி ஏற்றக்கூடாது. பக்கத்தில் இன்னொரு கம்பம் நட்டுச் சங்கக் கொடியைச் சமமாகவோ உயரமாகவோ ஏற்றினாலும் கொடி விதிக்கு மாறானது.

பாத்திரக்கடை: சரி, ஒரே கம்பத்தில் இரண்டு கொடி என்பதை விட்டுவிடுகிறேன். சங்கக் கொடியை மே 5 அன்று சங்கக் கட்டடத்திலேயே ஏற்றிக்கொள்கிறோம். ஆனால் ஷட்டருக்கு வெளியே எனக்கு மூன்று அடி பட்டா இருக்கிறது என்று அப்பா சொல்லியிருக்கிறார். பத்திரத்திலும் அளவு இருக்கிறது. மின்கம்பி எதிர்வரிசைப் பக்கம்தான் போகிறது.

நடைபாதை: பத்திரத்தில் இருக்கும் அளவு வேறு, தரையில் இருக்கும் அளவு வேறு. புல வரைபடத்தை வாங்கி, சர்வேயரை வைத்து எல்லைக் கல் போடச் சொல்லுங்கள். கல் உங்கள் பக்கம் விழுந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

மூவண்ணம்: கல் அண்ணாச்சி பக்கம் விழுந்தாலும் நகராட்சிக்கு மனு என்பீர்களா?

நடைபாதை: ஆமாம். ஆறு மீட்டர் இரும்பு தெருவை ஒட்டி நிற்கப் போகிறது. அது விழுந்தால் பட்டாவுக்குள்ளேயே விழாது, தெருவில்தான் விழும். அடித்தளம் எவ்வளவு ஆழம், யார் பராமரிப்பது என்று எழுதி வாங்க ஊருக்கு உரிமை உண்டு. 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து சுபஸ்ரீ என்ற இளம்பெண் இறந்த பிறகும் இதை விளக்க வேண்டியிருப்பது வேதனை.

மூவண்ணம்: அப்படியானால் மனு வாங்கிய அலுவலகமும் இத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்று எழுதுங்கள். பதிலே வராத மனுவுக்கு அனுமதி என்று பெயர் வைத்துத் தடுப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

தள மேஸ்திரி: அண்ணாச்சி, மொட்டை மாடி உங்களுடையதுதானே? தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தூண் மேலே வருகிற இடத்தில் பேஸ் பிளேட் (கம்பத்தைத் தாங்கும் அடித்தகடு) போட்டு, பத்தடிக் கம்பம் நிறுத்தினால் சிலாப்பும் வேண்டாம், கல்லும் வேண்டாம். மின்கம்பியும் எதிர்ப்பக்கம் என்கிறீர்கள். தூணின் படத்தையும் மாடியில் இருந்து தெருவைப் பார்த்த படத்தையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

பாத்திரக்கடை: மாடியில் ஏற்றினால் பஜாரில் நடப்பவர்களுக்குத் தெரியுமா என்பதுதான் யோசனை. காலையில் கடை திறக்கும்போது படம் எடுத்துப் போடுகிறேன். சர்வேயருக்கும் மனு எழுதி வைத்துவிட்டேன்.